எறிவதும் பிடிப்பதும் முதலில்: சிறுவர் பேஸ்பால் அணிக்குப் பயிற்சி அளிப்பது எப்படி

அமெரிக்காவில் பிள்ளை வளர்க்கும் தமிழ்ப் பெற்றோருக்காக இதை எழுதுகிறேன். குளிர்காலத்தில் ஊர் லிட்டில் லீக்கில், அதாவது சிறுவர் பேஸ்பால் அமைப்பில், பிள்ளையின் பெயரைப் பதிவு செய்யும்போது, பயிற்சியாளராக உதவ விருப்பமா என்று கேட்பார்கள். இதுவும் மட்டையும் பந்தும்தானே, கிரிக்கெட் ஆடிய கைதானே என்று சம்மதித்துவிடுவீர்கள். உங்களைப் பற்றிய பின்னணி விசாரணையும் குழந்தைப் பாதுகாப்புக்கான கட்டாயப் பயிற்சியும் முடிந்த பிறகு, மார்ச் மாத ஈரப் புல்லில் 9 முதல் 12 வயது வரையிலான ஒரு டஜன் பிள்ளைகள் உங்கள் முகத்தைப் பார்த்துக்கொண்டு நிற்பார்கள்.

நான் உடற்கல்வி படித்தவள். திண்டுக்கல்லில் பள்ளியிலும் கல்லூரியிலும் ஈட்டி எறிந்தவள். இப்போது நியூ ஜெர்சியில் இந்த வயதுப் பிள்ளைகளுக்குப் பயிற்சி அளிக்கிறேன். எதிலிருந்து தொடங்குவது என்று கேட்பவர்கள் எல்லோருக்கும் நான் சொல்வது ஒன்றுதான்: எறிவதிலும் பிடிப்பதிலும் தொடங்குங்கள். பெற்றோர் மட்டை வீச்சைத்தான் ரசிக்கிறார்கள், அதற்குத்தான் கைதட்டுகிறார்கள். ஆனால் இந்த வயதில் ஆட்டங்கள் கைநழுவுவது முதல் பேஸுக்கு (ஓடுபவர் வரிசையாகத் தொட வேண்டிய நான்கு இடங்களில் முதலாவது) மேலே பறந்துபோன ஒரு எறியாலும், கையுறையில் பட்டுத் தெறித்த ஒரு பந்தாலும்தான். எறிவதைச் சரியாகக் கற்ற பிள்ளைக்கு முழங்கையும் தோளும் பிழைக்கும். அதனால் என் பயிற்சி நேரத்தில் பெரும்பங்கு இதற்கே போகிறது.

யாரும் சும்மா நிற்கக் கூடாது

பயிற்சி ஒன்றரை மணி நேரம் என்றால், ஒருவன் மட்டை பிடிக்க, மற்றவர்கள் வெளியே நின்று புல்லைப் பிடுங்கும் காட்சியைப் பல மைதானங்களில் பார்க்கிறேன். எனக்கு அது பொறுக்காது. பன்னிரண்டு பேரை நான்கு நான்கு பேராக மூன்று குழுக்களாகப் பிரியுங்கள். ஒரு குழு தரைப் பந்து எடுக்கட்டும், இன்னொன்று பந்தை டீ என்னும் ரப்பர் தாங்கியில் வைத்து அடிக்கட்டும், மூன்றாவது ஓட்டமும் உடற்பயிற்சியும் செய்யட்டும். பன்னிரண்டு நிமிடத்துக்கு ஒரு முறை விசில் ஊதி இடம் மாற்றுங்கள். நாற்காலி விரித்து உட்கார்ந்திருக்கும் பெற்றோரில் இருவரை எழுப்பி ஆளுக்கொரு குழுவைக் கொடுத்துவிடுங்கள். பந்து உருட்டத் தெரிந்தால் போதும்.

ஒரு வாளி நிறையப் பந்துகள், நான்கைந்து டென்னிஸ் பந்துகள், ஒரு டீ, சில கூம்புகள், ஒரு நீளக் கயிறு ஆகியவை இருந்தால் பருவம் முழுவதும் சமாளிக்கலாம். விலை உயர்ந்த கருவிகளுக்கு இந்த வயதில் வேலை இல்லை. கையுறை மட்டும் பிள்ளையின் கைக்கு இணங்க வேண்டும். வளரும் கை என்று பெரிதாக வாங்கிக் கொடுத்தால் பிள்ளையால் அதை மூட முடியாது, மூட முடியாத கையுறையில் பந்து தங்காது. வலக்கையால் எறியும் பிள்ளைக்குக் கையுறை இடக்கையில் வரும் என்பதையும் கடையில் நினைவில் வையுங்கள். மட்டையில் அமெரிக்க பேஸ்பாலின் தேசிய அமைப்பான யுஎஸ்ஏ பேஸ்பாலின் முத்திரை இருக்கிறதா என்று பாருங்கள். 2018 முதல் லிட்டில் லீக்கின் இந்த வயதுப் பிரிவுகளில் அந்த முத்திரை இல்லாத உலோக மட்டைகளுக்கு அனுமதி இல்லை. பிள்ளை மட்டையை ஒரு கையால் பக்கவாட்டில் நீட்டிப் பிடிக்கட்டும். அரை நிமிடத்துக்குள் நுனி தாழ்ந்தால் அந்த மட்டை அவனுக்குக் கனம்.

உடம்பு சூடான பிறகே பந்து

வந்ததும் பந்தைத் தூக்கி எறிவதைத் தடுத்துவிடுங்கள். நியூ ஜெர்சியின் மார்ச் மாதக் காற்றில் தோள் விறைத்துக் கிடக்கும். முதலில் மெதுவோட்டம். பிறகு முழங்காலை உயர்த்தி ஓடுதல், குதிகாலால் பின்புறத்தைத் தொட்டபடி ஓடுதல், பக்கவாட்டில் தாவுதல், கால்களைக் குறுக்கே மாற்றி வைத்துப் பக்கவாட்டில் ஓடுதல். அடுத்து நீள அடி வைத்துத் தாழ்ந்து, முன்காலின் பக்கம் உடலைத் திருப்புதல். கடைசியாகக் கைகளைச் சிறு வட்டமாகவும் பெரிய வட்டமாகவும் சுழற்றுதல். பத்து நிமிடத்தில் கன்னம் சிவந்துவிடும். அசையாமல் நின்று தசையை நீட்டிப் பிடிக்கும் பயிற்சிகளைப் பயிற்சி முடிந்த பின் வைத்துக்கொள்ளுங்கள்.

எறிதல்

ஈட்டியில் நான் கற்றது இங்கே அப்படியே பொருந்துகிறது. விசை தரையிலிருந்து கிளம்புகிறது. கால் ஊன்றுகிறது, இடுப்பு திரும்புகிறது, மார்பு திரும்புகிறது, தோள் வருகிறது, கை கடைசியில் வருகிறது. இந்த வரிசை குலைந்தால் கை மட்டும் தனியாக உழைக்கும். நாள் முழுவதும் கையால் மட்டுமே எறியும் பிள்ளை சீசன் நடுவில் முழங்கையைப் பிடித்துக்கொண்டு வருவான்.

முதலில் பிடி. பந்தின் தையல் குதிரை லாடம் போல வளைந்திருக்கும் இடத்தைப் பார்க்கச் சொல்லுங்கள். ஆள்காட்டி விரலும் நடுவிரலும் அந்தத் தையலுக்குக் குறுக்கே மேலே இருக்க, பெருவிரல் நேர் கீழே தாங்க வேண்டும். கை சிறியதாக இருந்தால் மோதிர விரலையும் மேலே வைக்கலாம். உள்ளங்கையில் பந்து அழுந்தக் கூடாது, ஒளி தெரியும் அளவுக்கு இடைவெளி வேண்டும். பார்க்காமலே கையுறைக்குள் விரலால் தையலைத் தேடி எடுக்கும் பழக்கம் வரும்வரை, பேசிக்கொண்டிருக்கும் நேரத்தில்கூடப் பந்தைக் கையில் உருட்டிக்கொண்டிருக்கச் சொல்லுவேன்.

அடுத்து நிலை. வலக்கைப் பிள்ளை இடத் தோளை இலக்குக்குக் காட்டி, பக்கவாட்டில் நிற்க வேண்டும். வலக் கால் இலக்குக் கோட்டுக்குக் குறுக்காக இருக்க வேண்டும். பந்தைக் கையுறையிலிருந்து எடுத்த கை கீழே இறங்கி, பின்னால் போய், மேலே வரும்போது விரல்கள் பந்தின் மேல் இருக்க வேண்டும். முழங்கை தோளின் மட்டத்துக்கு வர வேண்டும். இடக் கால் இலக்கை நோக்கி நேராக அடி வைக்கிறது, இடுப்பு திரும்புகிறது, கை முன்னால் வந்து பந்தை விடுகிறது. விட்ட பிறகு கை அங்கேயே நின்றுவிடக் கூடாது. எதிர் முழங்காலின் வெளிப்பக்கம்வரை ஓடி முடிய வேண்டும். அந்த ஓட்டத்தில்தான் கையின் வேகம் தணிகிறது. அதை வெட்டினால் தோளின் பின்புறத் தசைகள் அடி வாங்கும்.

நீங்கள் அதிகம் காணப்போகும் பிழைகள் மூன்று. குண்டு எறிவதைப் போல முழங்கையைத் தாழ்த்திப் பந்தைத் தள்ளுவது முதலாவது. எறியும் கையின் பக்கத்துக் காலையே முன்வைப்பது இரண்டாவது. முன்காலைக் குறுக்கே வைத்து, உடம்பு திரும்ப வழியில்லாமல் செய்துவிடுவது மூன்றாவது. கால் பிழைகளுக்குப் புல்லில் கயிற்றை நேராகப் போட்டு, பின்காலையும் முன்காலையும் அதன்மேல் வைக்கச் சொன்னால் பாதி சரியாகிவிடும். கைப் பிழைக்கு நான் நம்பும் வழி, பந்தின் நடுவே தையலுக்கு இணங்க வண்ண நாடா ஒரு சுற்று ஒட்டிவிடுவது. பந்து சரியாகச் சுழன்றால் நாடா ஒரே கோடாகத் தெரியும். கை பக்கவாட்டில் சரிந்தால் நாடா தள்ளாடும். பிள்ளையே பார்த்துத் திருத்திக்கொள்கிறான், நான் வாய் திறக்க வேண்டியதில்லை.

கிரிக்கெட் ஆடிவிட்டு வரும் பிள்ளைகளைத் தனியாகக் கவனியுங்கள். எல்லைக்கோட்டிலிருந்து ஓடிவந்து, இடுப்பு உயரத்தில் பக்கவாட்டாக எறியும் பழக்கம் அவர்களுக்கு இருக்கும். நெருங்கிய தூரத்தில் அது பயன்படும், ஆனால் அதையே முதல் பாணியாக வைத்துக்கொண்டால் பந்து விலகி வளைந்து போகும். பந்து வீச்சு இன்னும் வேறு. அங்கே முழங்கையை மடக்கி நீட்டக் கூடாது, இங்கே மடங்கி நீள்வதில்தான் வேகமே இருக்கிறது. இதை முதல் நாளே சொல்லிவிட்டால் பிள்ளையின் குழப்பம் தீரும்.

தூரத்தை மெல்ல ஏற்றுங்கள். இருவர் இருவராக 30 அடியில் தொடங்கி, 45 அடி, 60 அடி என்று பின்னால் நகரட்டும். அறுபது அடி என்பது லிட்டில் லீக்கில் ஒரு பேஸிலிருந்து அடுத்த பேஸுக்கான தூரம், அதனால் அந்தத் தூரத்தை எறிய முடிவது ஆட்டத்துக்கும் பயன். எறிபவனின் முழங்கை தாழத் தொடங்கினாலோ, உடம்பை முறுக்கிக்கொண்டு எறிந்தாலோ, ஒரு படி முன்னால் அழைத்துவிடுங்கள்.

பிடித்தல்

பந்தைப் பிடிப்பதில் பெரிய தடை பயம். ஐந்து அவுன்ஸ் எடையுள்ள கடினப் பந்து முகத்தை நோக்கி வரும்போது கண்ணை மூடுவது இயல்பு, அதற்காகப் பிள்ளையைத் திட்டக் கூடாது. கையுறை இல்லாமல் டென்னிஸ் பந்தில் தொடங்குங்கள். பத்தடி தூரத்தில் நின்று கீழ்க்கையால் போடுங்கள். இரு கையாலும் பிடித்து நெஞ்சுக்கு இழுக்கட்டும். தைரியம் வந்த பிறகு கையுறையும் கடினப் பந்தும். இடுப்புக்கு மேலே வரும் பந்துக்கு விரல்கள் வானத்தை நோக்கும், இடுப்புக்குக் கீழே வந்தால் விரல்கள் தரையை நோக்கும். இந்த ஒரு விதி பிடிபட்டால் மூக்கில் படும் பந்துகள் பெரும்பாலும் நின்றுவிடும். வெறுங்கையில் கிரிக்கெட் பந்து பிடித்துப் பழகிய பிள்ளைகள் இங்கே முந்திவிடுவார்கள். பந்தோடு கையைப் பின்வாங்கும் மென்மை அவர்களுக்கு ஏற்கெனவே இருக்கிறது.

தரைப் பந்துக்கு முதலில் மட்டையால் அடிக்காதீர்கள், கையால் உருட்டுங்கள். கால்கள் தோளைவிட அகலமாக, இடுப்பு தாழ்ந்து, முதுகு சாய்ந்து, கையுறை உடம்புக்கு முன்னால் நீண்டிருக்க வேண்டும். பந்து வருவதற்கு முன்பே கையுறையின் நுனி தரையைத் தொட்டிருக்க வேண்டும். தாழ்ந்த கையை எழும்பும் பந்துக்கு உயர்த்துவது எளிது, உயர்ந்த கையைக் கடைசி நொடியில் தாழ்த்துவது கடினம். மற்றக் கை கையுறைக்கு மேலே மூடி போலத் தயாராக இருக்கட்டும். வலக்கைப் பிள்ளை வலக் கால், இடக் கால் என்று வைத்துப் பந்தை எடுத்து, மறுபடி வலக் கால், இடக் கால் என்று நகர்ந்து எறிய வேண்டும். இந்தத் தாளம் இரண்டாம், மூன்றாம் பேஸுக்கு இடையே நிற்கும் ஷார்ட்ஸ்டாப்புக்கு மட்டும் என்று நினைக்காதீர்கள், எல்லோரும் பழகட்டும். பன்னிரண்டு வயதுக்குள் ஒரு பிள்ளையை ஒரே இடத்தில் கட்டிப்போடுவதில் எனக்கு உடன்பாடில்லை.

உயரப் பந்துக்கு ஒரே ஒரு பழக்கம் முக்கியம். பந்து தலைக்கு மேலே போகிறது என்றால் முகத்தைக் காட்டிக்கொண்டு பின்னோக்கி நடக்கக் கூடாது. பந்து போகும் பக்கத்துக் காலைப் பின்னால் எடுத்து வைத்து, உடம்பைத் திருப்பி, ஓட வேண்டும். பின்னோக்கி நடப்பவன் மல்லாந்து விழுவான். ‘ஐ காட் இட்’ என்று உரக்கக் கத்தவும் பயிற்சி வேண்டும். நம் வீட்டுப் பிள்ளைகள் பலர் கத்தக் கூச்சப்படுகிறார்கள். இருவர் மோதிக்கொள்வதைவிடக் கத்துவது மேல் என்று சொல்லி, கத்தாமல் பிடித்த பந்தைப் பயிற்சியில் கணக்கில் சேர்க்க மாட்டேன்.

மட்டை

டீயை யாரும் ஏளனமாகப் பார்க்க வேண்டாம், பெரிய லீக் வீரர்களும் தினமும் அதில்தான் அடிக்கிறார்கள். நடுவில் வரும் பந்துக்கு டீயை முன்காலுக்கு நேராக வையுங்கள். உடம்பை ஒட்டி வரும் பந்துக்குச் சற்று முன்னால், விலகி வரும் பந்துக்குச் சற்றுப் பின்னால். மட்டையை விரல்களில் பிடிக்க வேண்டும், உள்ளங்கையில் புதைக்கக் கூடாது. எடை சற்றுப் பின்காலுக்குப் போய், முன்கால் சிறு அடி வைத்து, இடுப்பு திரும்பி, மட்டை பந்தின் பாதையில் நீண்ட நேரம் பயணிக்க வேண்டும். தலை அசையக் கூடாது. அடித்த பிறகும் கண் டீயின் மேல் ஒரு நொடி நிற்கட்டும்.

கிரிக்கெட் பிள்ளைகள் முன்காலை நீட்டிப் பந்தின் மேல் சாய்வார்கள். அந்தச் சாய்வை விடச் செய்யுங்கள். அழகாக லேட் கட் ஆடினால் பந்து பின்னால் போகும், இங்கே அது ஃபவுல், அதாவது ஆட்ட எல்லைக்கு வெளியே போன பந்து. பந்து எல்லைக்குள் விழுந்தால் ஓடாமல் நிற்கும் உரிமையும் கிடையாது. அடித்ததும் மட்டையைக் கையில் வைத்துக்கொண்டு ஓடுவதையும் நிறுத்த வேண்டும். கீழே போட்டுவிட்டு ஓடச் சொல்லுங்கள், பின்னால் உட்கார்ந்து பந்தைப் பிடிக்கும் கேட்சர் மேல் வீசிவிடாமல்.

ஓட்டமும் வலுவும்

பேஸ்பாலில் ஓட்டம் என்பது சில நொடிகளின் வெடிப்பு. அதனால் மைதானத்தைச் சுற்றி நீண்ட தூரம் ஓடவிடுவதில் எனக்கு நம்பிக்கை இல்லை. பந்தைத் தவறவிட்டதற்குத் தண்டனையாக ஓடவிடுவதைக் கண்டால் எனக்குக் கோபமே வரும். ஓட்டத்தை வெறுக்கக் கற்றுக்கொடுக்கும் வழி அது. மட்டை பிடிப்பவர் நிற்கும் வீட்டுத் தட்டிலிருந்து (ஹோம் பிளேட்) முதல் பேஸுக்கு முழு வேகத்தில் ஓடி, பேஸை மிதித்து, வேகம் குறையாமல் கடந்து போகட்டும். பேஸுக்கு முன்பே வேகத்தைக் குறைப்பதுதான் இந்த வயதில் அவுட் ஆவதற்கு முக்கியக் காரணம். திரும்பி நடந்தே வரட்டும், மூச்சு அடங்கிய பிறகு அடுத்த ஓட்டம். ஆறு முதல் எட்டு ஓட்டங்கள் போதும்.

வலுவுக்கு எடை தூக்க வேண்டாம். குந்தி எழுதல், நீள அடி வைத்துத் தாழ்தல், தண்டால், முழங்கையூன்றி உடம்பைப் பலகை போல நிறுத்துதல், ஒற்றைக் காலில் தாவி ஆடாமல் இறங்குதல் ஆகியவற்றை வாரம் இரு முறை பத்துப் பதினைந்து நிமிடம் செய்தால் வித்தியாசம் தெரியும். இடுப்பின் திருப்பத்துக்கு இரண்டு முதல் நான்கு பவுண்டு எடையுள்ள மெடிசின் பால் என்னும் உடற்பயிற்சிப் பந்தைப் பக்கவாட்டில் சுவரில் எறியலாம். தோள்பட்டையின் பின்புறத்துக்கு ரப்பர் பட்டையை வேலியில் கட்டி, முழங்கையை விலாவோடு ஒட்டி வைத்து, முன்கையை வெளிப்புறமாகத் திருப்பும் பயிற்சி. எறிந்த கையின் வேகத்தை அடக்குவது அந்தச் சிறு தசைகள்தான். அவற்றை யாரும் கண்ணாடியில் பார்ப்பதில்லை, அதனால் பயிற்சியாளர்தான் நினைவில் வைக்க வேண்டும்.

பிட்சரின் கை

பிள்ளைகளில் நன்றாக எறிபவனை பிட்சராக்குவோம், அதாவது மட்டை பிடிப்பவனுக்குப் பந்து வீச வைப்போம். அவனையே திரும்பத் திரும்ப அழைப்போம். ஆபத்து அங்கே தொடங்குகிறது. இந்த வயதில் முழங்கையின் உட்புற எலும்பில் வளர்ச்சித் தட்டு இன்னும் குருத்தெலும்பாகவே இருக்கிறது. ஒவ்வொரு வேகப் பந்தும் அதை இழுக்கிறது. இழுப்பு ஓய்வின்றித் தொடர்ந்தால் தட்டு வீங்கும், சில சமயம் எலும்பிலிருந்து பிரியும். வளர்ந்தவர்களுக்கு இதே இடத்தில் தசைநார் அறுகிறது. 1974இல் லாஸ் ஏஞ்சலிஸ் டாட்ஜர்ஸ் அணியின் பிட்சர் டாமி ஜானுக்கு மருத்துவர் ஃபிராங்க் ஜோப் அந்த நாரை மாற்றி வைத்து அறுவைச் சிகிச்சை செய்தார். 1976இல் களத்துக்குத் திரும்பிய ஜான் 1989 வரை ஆடினார். அந்த வெற்றிக்கதையைக் கேட்டுவிட்டு, அறுவைச் சிகிச்சை செய்தால் கை முன்பைவிட வேகமாகும் என்று நம்பும் பெற்றோர் இருக்கிறார்கள். தயவுசெய்து நம்பாதீர்கள்.

லிட்டில் லீக் 2007இல் பிட்சருக்கான வரம்பை இன்னிங்ஸ் கணக்கிலிருந்து வீசும் பந்துகளின் கணக்குக்கு மாற்றியது. ஒரு நாளில் 9, 10 வயதுக்கு 75 பந்துகள், 11, 12 வயதுக்கு 85 பந்துகள் வரம்பு. ஒரே நாளில் 66 அல்லது அதற்கு மேல் வீசினால் நான்கு நாள் ஓய்வு, 51 முதல் 65 வரை மூன்று நாள், 36 முதல் 50 வரை இரண்டு நாள், 21 முதல் 35 வரை ஒரு நாள். 41 அல்லது அதற்கு மேல் வீசிய பிள்ளை அன்று கேட்சராக நிற்கக் கூடாது. நான்கு இன்னிங்ஸ் கேட்சராக இருந்தவன் அன்று வீசவும் கூடாது. எண்ணும் கருவியை ஒரு பெற்றோரிடம் கொடுத்து, வேறு எந்த வேலையும் தராதீர்கள். வாரக்கடைசியில் பிள்ளை வேறு பயண அணியிலும் வீசுகிறானா என்று வெட்கப்படாமல் கேளுங்கள். இரண்டு கணக்கையும் கூட்டித்தான் முடிவெடுக்க வேண்டும்.

வரம்பை எட்டும்வரை வீசவைக்க வேண்டும் என்றும் இல்லை. முழங்கை தாழ்கிறது, பந்துகள் தொடர்ந்து உயரப் போகின்றன, பிள்ளை கையை உதறிக்கொள்கிறான், பந்துக்கும் பந்துக்கும் இடையே நேரம் எடுக்கிறான் என்றால் நாற்பதாவது பந்திலேயே மாற்றிவிடுங்கள். முழங்கையின் உட்புறமோ தோளோ வலிக்கிறது என்று சொன்னால் அன்று எறிவது அதோடு முடிந்தது. ஐஸ் வைத்துவிட்டு அடுத்த ஆட்டத்துக்கு அனுப்புவது சிகிச்சை ஆகாது, மருத்துவர் பார்க்கட்டும். வலிக்கிறது என்று சொன்ன பிள்ளையை எல்லோர் முன்னும் பாராட்டுங்கள், அடுத்தவனும் மறைக்காமல் சொல்வான். வளைந்து போகும் கர்வ் பந்தை இந்த வயதில் நான் சொல்லிக்கொடுப்பதில்லை. நேர்ப் பந்தும், அதே கை வேகத்தில் மெதுவாக வரும் சேஞ்ச்அப்பும் போதும். வீட்டுத் தட்டுக்கு மேலுள்ள ஸ்ட்ரைக் பகுதியின் நான்கு மூலைக்கும் வீசக் கற்றால், பிட்சர் நிற்கும் 46 அடி தூரத்திலிருந்து வரும் அந்தப் பந்தை அடிப்பவர்கள் குறைவு.

மேஜர் லீக் பேஸ்பாலும் யுஎஸ்ஏ பேஸ்பாலும் 2014இல் வெளியிட்ட பிட்ச் ஸ்மார்ட் வழிகாட்டுதல், இந்த வயதினர் ஆண்டில் குறைந்தது நான்கு மாதம் எறியாமல் இருக்க வேண்டும், அதில் இரண்டு மூன்று மாதமாவது தொடர்ச்சியாக இருக்க வேண்டும் என்கிறது. எங்கள் ஊரில் நவம்பர் முதல் பிப்ரவரி வரை பனியே அதற்கு உதவுகிறது. ஆனால் உள்ளரங்கப் பயிற்சிக் கூடங்கள் குளிர்காலச் சலுகை விலையில் வீசும் வகுப்பு நடத்துகின்றன. அந்த மாதங்களில் பிள்ளை கூடைப்பந்தோ கால்பந்தோ ஆடட்டும். மார்ச் பிறந்ததும் வாரம் மூன்று நாள், முப்பதடியில், நாளுக்கு இருபத்தைந்து எறிகள் என்று தொடங்கி, மூன்று நான்கு வாரம் கழித்து பிட்சர் நின்று வீசும் மேட்டில் ஏற்றுங்கள்.